கை நெல்

புதுத் துணியின் கஞ்சி வாசனையும் மார்கழிப் பனியும் கலந்தால் ஒரு ஈர வாசனை வரும். அது மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்கு நல்ல நினைவு எதுவும் வருவதில்லை. இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய அப்படியொரு வெள்ளைத் துணியில்தான் நான் என் முதல் ஆங்கிலப் படத்தைப் பார்த்தேன். அதையும் எல்லாரையும் போல முன்னாலிருந்து பார்க்கவில்லை, துணிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். பின்னால் உட்கார்ந்தவர்களுக்குப் படம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், துணிக்கு அந்தப்பக்கம் இருக்கிற மெஷினின் வெளிச்சம் நடுவில் ஒரு பொட்டாக நின்று கண்ணைக் குத்திக்கொண்டே இருக்கும், ஆனால் காசு கொடுக்காமல் பார்க்கிற படத்தில் குறை சொல்ல எங்களுக்கு என்ன இருந்தது.

இது நடந்தது முடிச்சூரில், எண்பதுகளின் நடுவில். இப்போது தாம்பரத்தில் பஸ் ஏறினால் முடிச்சூர் போய்ச் சேரும்வரை கட்டடத்தைத் தவிர எதுவும் கண்ணில் படாத அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் அப்போது ஏரித் தண்ணீரில் நெல் விளைந்தது. ஊர் ஒரு பக்கம், எங்கள் காலனி ஒரு பக்கம், இரண்டுக்கும் பொதுவாக நடுவில் ஒரு களம். காலனியில் பாதிப் பேர் எங்களைப் போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் எல்லாரும் சமம் என்று கேட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் ஊர்ப் பெரியவரின் நிலத்தில் போய் இறங்குகிறவர்கள். அவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. என் அப்பா ஆசீர்வாதம் அவரை "ஆண்டே" என்றுதான் கூப்பிடுவார். அவர் என் அப்பாவை "ஆசீரு" என்பார், முன்னால் ஒரு "டேய்" போட்டு.

அப்பா அவருடைய நிலத்தை "வாரத்துக்கு" உழுதுவந்தார். நிலம் அவருடையது, உழைப்பு எங்களுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி என்பது பேச்சு. விதைக்கு, உரத்துக்கு, மோட்டார் தண்ணீருக்கு என்று அவர்கள் பக்கத்து ஆள் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் எங்கள் முன்னால் கொட்டுகிற பாதியைப் பார்த்தால், பாதி என்ற சொல்லுக்கு இரண்டு வீட்டில் இரண்டு அளவு என்று குழந்தைக்கும் புரியும். எழுத்து கிடையாது, பத்திரம் கிடையாது. அடுத்த வருஷமும் நிலம் நமக்கு உண்டா இல்லையா என்பதை முடிவு செய்ய எங்கள் களத்தில் ஒரு வழக்கம் இருந்தது, அதற்குப் பெயர் "கை நெல்".

நெல்லை அளக்கத் தொடங்கும் முன், வாரக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குவியலிலிருந்து ஒரு கை நெல் அள்ளி, பெரியவரின் நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்திருக்கும் முறத்தில் போட வேண்டும். வலது கையை நீட்டி, அந்த முழங்கையை இடது கையால் தாங்கி, குனிந்து போட வேண்டும். அவர் கையில் நேராகக் கொடுக்க முடியாது, பட்டுவிடுமே. முறத்தில் விழுந்த நெல்லை அவர் ஒரு பார்வை பார்த்துத் தலையை அசைத்தால் அடுத்த வருஷமும் நிலம் உனக்கு என்று அர்த்தம். அந்தத் தலையசைப்புக்காக அப்பா வருஷம் முழுக்கச் சேற்றில் நின்றார். அறுப்புக்கு முன் வாரத்தில் அம்மா அதற்காகவே ஜெபம் பண்ணுவாள். கடவுள் எத்தனையோ பெரிய காரியங்களை விட்டுவிட்டு ஒரு மனிதரின் கழுத்தைக் கொஞ்சம் ஆட்டிவைக்க வேண்டும் என்று மன்றாடுகிற ஜெபத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஜெபம் கொஞ்சம் நீண்டது. காரணம், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோலைப் போட்டு மூடி வைத்திருந்த கற்கள். வெள்ளையடித்த, முழங்கால் உயரக் கற்கள். நாங்கள் பிள்ளைகள் அவற்றின் மேல் ஏறிக் குதித்து விளையாடினோம். நிலத்தை மனையாகப் போட்டு விற்பதற்கான கற்கள் அவை என்று காலனியில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். சொன்னால் நடந்துவிடும் என்று பயந்தவர்களைப் போல ஒருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அம்மா மட்டும் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "இந்த வாட்டி அவரு மனசு கோணாம நடந்துக்கோ. வித்தாலும் நம்ம துண்டு நெலத்தயாவது கடைசியா விப்பாரு."

அந்த மார்கழியில்தான் தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மாணவர்கள் எங்கள் ஊருக்குச் சேவை முகாம் வந்தார்கள். காலனிக்கு மண்பாதை போட்டார்கள், மரக்கன்று நட்டார்கள், கன்றுகளை எங்கள் ஆடுகள் தின்றன. நல்ல பிள்ளைகள்தான், ஒன்றும் குறை சொல்வதற்கில்லை. கடைசி நாள் சாயங்காலம் களத்தில் படம் போடுவதாக அறிவித்தார்கள். அமெரிக்காவில் வாரத்துக்கு உழுகிற ஒரு கறுப்புக் குடும்பத்தின் கஷ்டத்தைச் சொல்கிற படம். எங்களுக்கென்றே அதைத் தேடி எடுத்து வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இருட்டத் தொடங்கியதும் மெஷின் பக்கம் நாற்காலிகள் வந்தன. பெரியவரும் அவர் வீட்டாரும் நாற்காலியில், ஊர்க்காரர்கள் அவர்களைச் சுற்றிப் பாயில். நாங்கள் வந்து துணிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தோம். யாரும் எங்களை அங்கே போகச் சொல்லவில்லை, கால் தானாக அங்கே போயிற்று. கண்ணாடி போட்ட ஒல்லியான மாணவர் ஒருவர் பதறிப்போய் ஓடி வந்து, முன்னால் வாருங்கள், இங்கிருந்து சரியாகத் தெரியாது என்று ஒவ்வொருவரையும் கெஞ்சினார். எங்கள் தெருக் கிழவர் ஒருவர் மரியாதையாக எழுந்து நின்று பதில் சொன்னார்: "பரவால்ல சார். இங்கதான் காத்து நல்லா வருது." மார்கழிக் குளிரில் காற்று தேடி உட்கார்ந்த கூட்டத்தைப் பார்த்து அந்த மாணவர் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு போய்விட்டார்.

மைக்கில் கதையைத் தமிழில் சொன்னதும் அவர்தான். ஒலிபெருக்கி அந்தப்பக்கம் பார்த்து இருந்ததால் எங்களுக்குப் பாதிதான் கேட்டது, மீதியை நாங்களே போட்டு நிரப்பிக்கொண்டோம். வெள்ளைக்காரன் நாட்டில் இத்தனை கறுப்பு மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே எங்கள் ஆட்களுக்குப் பெரிய சேதி. "நம்மள மாரியே கீறாங்கடா" என்று ஒருவர் சொல்ல, படத்தில் வந்த அம்மா துணி துவைத்துப் பிழிகிற விதத்தைப் பார்த்துவிட்டு எங்கள் அத்தை, அச்சாக நம் தெரு எலிசா என்றாள். படத்தில் ஒரு பருத்திக் காடு, ஒரு பலகை வீடு, குதிரை மாதிரி ஆனால் குதிரை இல்லாத ஒரு மிருகம். அதற்கு இடது காது கிழிந்து தொங்கும். நான் பாதி நேரம் அந்தக் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் பருத்தி எடுத்தார்கள், விரலில் ரத்தம் வந்தது, மழை பெய்தது, அந்த அம்மா வானத்தைப் பார்த்துத் திட்டினாள். இதெல்லாம் மைக் இல்லாமலே எங்களுக்குப் புரிந்தது.

பிறகு அறுவடை. நிலத்துக்காரன் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கறுப்பு மனிதர் மூட்டையைப் பிரித்து, ஒரு கை பருத்தியை அள்ளிக்கொண்டு படியேறி வருகிறார். நிலத்துக்காரன் கையை நீட்டவில்லை, முன்னாலிருந்த மேசையைக் கண்ணால் காட்டுகிறான். துணி முழுக்க அந்தக் கை மட்டும் பெரிதாக வந்து, பருத்தியை மேசையில் வைத்தது.

இடது கை.

பின்பக்கத்தில் யாரோ "டேய், பீச்சாங்கையில வச்சாண்டா" என்றார்கள், உடனே விசில் பறந்தது, துண்டுகள் மேலே போயின, பெண்கள்கூடச் சிரித்துக் கையைத் தட்டினார்கள். எங்கள் ஊரில் இடது கையால் ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பது முகத்தில் துப்புவதற்குச் சமம். அதைப் போய் ஒரு வாரக்காரன், அறுவடை நாளில், நிலத்துக்காரனின் வீட்டு வாசலிலேயே செய்துவிட்டான். துணிக்கு அந்தப்பக்கம் கப்சிப்பென்று இருந்தது. துணிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பெரியவர் கழுத்தைத் திருப்பிப் பக்கத்திலிருந்தவரிடம், இவர்கள் எதற்குக் கத்துகிறார்கள் என்று கேட்பது தெரிந்தது.

பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டென்ட் கொட்டகையில் நாங்கள் பார்த்த படமெல்லாம் தரை டிக்கெட்டில், ஆனால் முன்னாலிருந்து. துணியில் வந்த ஆங்கில எழுத்து திரும்பி நின்றதா நேராக நின்றதா என்று சொல்ல எங்களுக்கு எழுத்தும் தெரியாது.

அதற்கப்புறம் படத்தில் அந்தக் குடும்பத்தை விரட்டிவிட்டார்கள். சட்டி பானையெல்லாம் வண்டியில் ஏறியது, அந்தக் கிழிந்த காது மிருகம் இழுத்துக்கொண்டு போனது. பின்பக்கத்தில் சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். கையை மாற்றி வைத்தான், அதனால் துரத்திவிட்டார்கள் என்று எல்லாருக்கும் கணக்கு நேராகப் போயிற்று. ஆனால் கடைசியில் அவர்கள் ரோட்டோரம் அடுப்பு மூட்டி எதையோ சமைத்தார்கள், அந்த மனிதர் பிள்ளைகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார், அத்தோடு படம் முடிந்தது. வீட்டுக்குப் போகும்போது அப்பா என் கையைப் பிடித்திருந்தார். விசிலடிக்காத சிலரில் அவரும் ஒருவர்.

"எந்தக் கையில வச்சான், பாத்தியா?" என்று கேட்டார்.

"எடது கையிலப்பா" என்றேன்.

தை பிறந்து அறுப்பு முடிந்தது. களத்தில் நாற்காலி வந்தது, முறம் வந்தது. வாரக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கை நெல் போட்டார்கள், பெரியவர் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். அப்பாவின் முறை வந்தது. துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. குவியலிலிருந்து இடது கையால் அள்ளினார். நேராக நடந்து போய், நிமிர்ந்து நின்று, இடது கையால் போட்டார். நெல் முறத்தில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"டேய் ஆசீரு, எந்தக் கையிலடா போட்ட?"

"எடது கையில, ஆண்டே."

அந்த "ஆண்டே" அவர் வாயிலிருந்து பழக்கத்தில் வந்தது. அதுதான் கடைசி, அதற்கப்புறம் அவர் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. பெரியவர் எழுந்தார், தலை அசையவில்லை. இந்தத் திமிருக்கு நிலம் எதற்கு என்று பொதுவாகக் கேட்டார். ஒருவனுக்கு இருந்தால் நாளைக்கு எல்லாருக்கும் வரும், அதனால் இனி ஒருவருக்கும் வாரம் கிடையாது, இப்படியொரு முடிவுக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியவன் ஆசீர்வாதம், அவனைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கோடை தொடங்கும் முன் மோட்டார் கொட்டகைக்குப் பின்னாலிருந்த கற்கள் வயலெல்லாம் நட்டாகிவிட்டன. படம் வருவதற்கு முன்பே, நெல் பால் பிடிப்பதற்கு முன்பே வந்து இறங்கிய கற்கள் அவை. அவற்றின் மேல் குதித்து விளையாடிய பிள்ளைகளின் அப்பன்மார் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். அல்லது மறந்தால்தான் திட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் கிடைப்பான் என்று மறந்தார்களோ என்னவோ. பெரியவரைத் திட்ட யாருக்கும் தைரியமில்லை, என் அப்பாவைத் திட்டுவதற்குத் தைரியம் தேவைப்படவில்லை. கோயிலில் எங்கள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். தண்ணீர்க் குழாயில் அம்மாவின் குடம் கடைசிக்குப் போனது. எல்லாரையும்விட அதிகம் பேசியது அம்மாதான். "ஒரு கை. ஒரு கைய மாத்திப் போட்டிருந்தா இன்னா கொறஞ்சா போயிருப்ப?" என்று அவள் வருஷக்கணக்கில் கேட்டாள். சோறு வேகாத நாளிலும் கேட்டாள், வெந்த நாளிலும் கேட்டாள். அப்பா குரோம்பேட்டையில் ஒரு மரக்கடைக்கு மூட்டை தூக்கவும் மரம் இழுக்கவும் போனார், தோள் காய்த்துப்போனது, ஒருநாளும் பதில் சொல்லவில்லை. படத்தில் ஒருவன் செய்தான், அதைப் பார்த்து நானும் செய்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் பைத்தியக்காரன் என்றாவது விட்டிருப்பார்கள். அதையும் அவர் சொல்லவில்லை. அது தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது, ஒளித்து வைத்த ஒரு பெருமையும் இருந்தது.

தொண்ணூறுகளில் நான் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தபோது, கூடப் படித்த ஒருத்தி பட்டணத்தில் ஒரு சின்ன அரங்கத்துக்கு அழைத்துப் போனாள். நல்ல படமாகப் பார்த்துப் போடுகிற சங்கம், பேசிக்கொள்வதெல்லாம் ஆங்கிலம். என்ன படம் என்றுகூட நான் கேட்கவில்லை. பருத்திக் காடு வந்தது. பலகை வீடு வந்தது. அந்தக் கோவேறு கழுதை வந்தது, அதற்குள் எனக்கு அதன் பெயர் தெரிந்திருந்தது. அதன் வலது காது கிழிந்து தொங்கியது.

இடது காதுதான், எனக்கு நன்றாகத் தெரியும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தத் தாழ்வாரம் வந்தது. அந்தக் கறுப்பு மனிதர் படியேறினார். இடது கையால் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தலையைக் குனிந்து, வலது கையால் பருத்தியை மேசையில் வைத்தார், எங்கள் களத்து வாரக்காரர்கள் எல்லாரும் வைத்த மாதிரியே. அந்தத் தொப்பியும் குனிவும் அன்றைக்கு எங்கள் கண்ணில் படவே இல்லை, நாங்கள் கையை மட்டும்தான் பார்த்தோம். அரங்கத்தில் என் பக்கத்தில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். முன்னாலிருந்து பார்த்தால் அந்தப் படம் உச்சுக்கொட்டுகிற படம்தான். அன்றைக்கு ஊர்க்காரர்களும் இதைத்தான் பார்த்தார்கள், அதனால்தான் அங்கே சத்தமே இல்லை. நாங்கள் பார்த்த மனிதன் எந்தப் படத்திலும் இல்லை. அப்படி ஒருவன் இருந்தான் என்று நம்பி என் அப்பா தன் நிலத்தையும், அக்கம்பக்கத்தின் முகத்தையும், பெண்டாட்டியின் நல்ல வார்த்தையையும் இழந்திருந்தார். அழுகையைவிட அன்றைக்கு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அந்தத் துணி மேல்கூட வந்தது.

சொல்லலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். ஒரு சாயங்காலம் அப்பா மரக்கடையிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். அந்தப் படத்தை மறுபடியும் பார்த்ததையும், பின்னால் உட்கார்ந்ததால் நமக்குக் கை மாறித் தெரிந்ததையும் சொன்னேன். அந்த மனிதன் வலது கையால்தான் வைத்தான் என்றேன்.

அப்பா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தார். அடுப்படியில் அம்மா கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சோத்துக் கையிலயா?"

"ஆமாப்பா. தொப்பிய கழட்டிக்கினு, குனிஞ்சிகினு வச்சான்."

"அப்பறம் அவனத் தொரத்துனாங்க இல்ல?"

"தொரத்துனாங்க."

அவர் முகத்தில் வருத்தம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

"மரியாத குடுத்தவனையும் தொரத்திட்டான்" என்றார். "அப்ப நான் போட்டதுதான் சரி."

கரண்டிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்கப்புறம் எந்த நாளும் அம்மா அந்தக் கையைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்றைக்கு அந்த நிலத்தின் மேல் அடுக்குமாடிகள் நிற்கின்றன. பெரிய மழை வந்தபோது அந்த வீடுகளுக்குள் மார்பளவு தண்ணீர் நின்றது, படகு வந்தது, டிவியில் காட்டினார்கள். ஏரி தன் வயலைத் தேடி வந்தது என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. களம் இல்லை, முறம் இல்லை, கை நெல் என்ற சொல் தெரிந்தவர்கள் காலனியில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருப்பார்கள். "ஆண்டே" என்று கூப்பிட ஆள் இல்லை. போனதில் எதுவும் திரும்பி வர வேண்டும் என்று நான் ஏங்கியதில்லை. பெரியவரின் பேரன்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது, நன்றாகத்தான் இருப்பார்கள். நிலம் விற்ற வீடு கெட்டுப்போனதாக நான் எங்கும் கேள்விப்படவில்லை.

அப்பா போன ஆடியில் இறந்தார். எங்கள் வழக்கப்படி பெட்டியில் வைக்கும்போது இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் சேர்த்து, வலது கையை மேலே வைத்து, நடுவில் ஒரு சின்னச் சிலுவையைச் செருகுவார்கள். யாரோ அப்படித்தான் வைத்திருந்தார்கள். நான் சிலுவையை எடுத்தேன், இடது கையை மேலே தூக்கி வைத்தேன், சிலுவையை அதன் விரல்களுக்குள் செருகினேன். காய்த்துப்போன, விறைத்த விரல்கள், கொஞ்சம் பிரிக்க வேண்டியிருந்தது. அத்தை பதறி, "இன்னாடி பண்ற, சோத்துக் கைய மேல வை" என்று குனிந்தாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும், வுடு" என்றாள்.